அட்மின் முடிவே இறுதியானதா? கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இணையப் போட்டி ஆட்டங்களின் விதியும் தலைமையும்

1. கேள்வி

இணைய ஆட்டங்களைப் பற்றித் தமிழில் வரும் எழுத்து பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகிறது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எச்சரிப்பது ஒன்று. இதிலும் கோடிக்கணக்கில் பரிசு இருக்கிறது, இதுவும் ஒரு தொழில்தான் என்று தட்டிக்கொடுப்பது இன்னொன்று. இரண்டும் ஆடுபவரைத் தனியாளாகவே காண்கின்றன: கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும் ஒரு பையன்.

போட்டிக்கென்று ஆடுபவர்களின் உலகம் அப்படித் தனித்து இயங்குவதில்லை. பிஜிஎம்ஐ போன்ற கைப்பேசிச் சுடும் ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்தால் ஓர் அணி. இருபது அணிகள் சேர்ந்தால் ஒரு ‘ரூம்’. ரூமைத் திறக்க ஒருவர் வேண்டும். யாருக்கு எந்த ‘ஸ்லாட்’ என்று பட்டியல் போட வேண்டும். நுழைவுத் தொகை வாங்கினால் அதை யாரோ வைத்திருக்க வேண்டும். புள்ளி கணக்கிட வேண்டும், ஏமாற்றியவரைப் பிடிக்க வேண்டும், சண்டை வந்தால் தீர்க்க வேண்டும். வாட்ஸ்அப்பிலும் டிஸ்கார்டிலும் இயங்கும் இந்தச் சிறு குழுக்களில் இத்தனை வேலையும் நடக்கிறது. பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள்.

இந்தக் குழுக்களில் விதியை யார் வகுக்கிறார்கள், தலைவரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த அண்ணாமலை நகர், பல ஊர் மாணவர்கள் விடுதிகளில் கூடி வாழும் இடம். இத்தகைய அணிகள் உருவாவதற்கு ஏற்ற மண். அதே மாவட்டத்தில் ஊர்க் கபடிப் போட்டிகளும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளும் உயிரோடு இருக்கின்றன. அரசின் துணையில்லாமல் விதி வகுத்து, நடுவர் வைத்து, தண்டனை கொடுத்துப் பழகிய வட்டாரம் இது. புதியதை அளக்கப் பழைய அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது.

2. சட்டத்தின் கண்ணுக்குப் படுவது

தமிழ்நாட்டில் இணைய ஆட்டம் குறித்த சட்ட வரலாறு பணத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. 2020 நவம்பரில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து அவசரச் சட்டம் வந்தது. அதன் வழிவந்த 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2022 அக்டோபரில் புதிய அவசரச் சட்டமும் தொடர்ந்து சட்ட மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகக் காட்டிய அட்டவணையை மட்டும் நீக்கியது. சட்டப்படி அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளில், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை, ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு போன்றவை இருந்தன. அவற்றையும் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றது.

இந்த நீண்ட வழக்காட்டத்தின் மையத்தில் எப்போதும் இரண்டே பேர்: பண ஆட்ட நிறுவனம், பணம் இழந்தவர். கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த காலம் அது. அந்தக் கவனம் நியாயமானதுதான். ஆனால் காசு பெரிதாகப் புரளாத போட்டிக் குழுவுக்குள் நடக்கும் நிர்வாகம் யாருடைய பார்வைக்கும் வரவில்லை.

ஒன்றிய அரசின் 2025ஆம் ஆண்டு இணைய விளையாட்டு ஊக்குவிப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் அந்தப் பார்வையைக் கொஞ்சம் மாற்றியது. ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம் அது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் எல்லா இணைய ஆட்டத்தையும் அது தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸுக்கு மட்டும் தனி இடம் ஒதுக்குகிறது. முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி நடக்க வேண்டும், அங்கீகாரமும் பதிவும் வேண்டும், பந்தயம் கூடாது. போட்டியில் நுழையவோ நிர்வாகச் செலவுக்கோ கட்டணம் வாங்கலாம். ஆட்டத் திறனுக்குப் பரிசும் கொடுக்கலாம்.

இதை ஒரு விடுதி அறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, இருபது அணிகள் தலா 100 ரூபாய் யுபிஐயில் அனுப்புகின்றன. 2,000 ரூபாய் சேர்கிறது. முதல் மூன்று அணிகளுக்கு 1,600 ரூபாய் பரிசு. மீதி 400 ரூபாய் ரூம் திறக்க வாங்கும் ‘ரூம் கார்டு’க்கும் அட்மினுடைய உழைப்புக்கும். ஆடுபவர்கள் கண்ணில் இது பொங்கல் கபடிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுவது போன்றது. பதிவும் அங்கீகாரமும் இல்லாத நிலையில், சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்த ஆட்டம் இது. இரண்டுக்கும் இடையிலான கோட்டை இந்த அட்மின் அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சட்டம் இயற்றியவர்களும் இவரை மனத்தில் வைத்து எழுதவில்லை.

3. ஆய்வாளர்கள் கண்டவை

இணையக் குழுக்களின் ஆட்சிமுறை பற்றிய ஆய்வு முப்பது ஆண்டுப் பழமை உடையது. பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற எழுத்து வடிவ உலகம் அதன் முதல் பாடநூல். தொழில்நுட்பப் பொறுப்பாளர்களை அங்கே ‘மந்திரவாதிகள்’ என்றார்கள். சமூகச் சச்சரவுகளில் இனித் தலையிட மாட்டோம் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். பிறகு, ஓர் உறுப்பினர் மற்றவர்களின் பாத்திரங்களை எழுத்தால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய நிகழ்வு நேர்ந்தது. ஜூலியன் டிபெல் 1993இல் எழுதிய கட்டுரையால் அது உலகறிந்தது. அதைத் தொடர்ந்து மனுக் கொடுத்து வாக்கெடுக்கும் முறை அங்கே வந்தது. 1996இல், ஒதுங்கியிருப்பது நடைமுறையில் முடியாத காரியம் என்று சொல்லி மந்திரவாதிகள் மறுபடி தலையிடத் தொடங்கினார்கள். பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவர் அரசியலிலிருந்து விலகி நிற்க முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சட்ட அறிஞர் லாரன்ஸ் லெஸ்ஸிக் 1999இல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தார்: இணையத்தில் மென்பொருளின் கட்டமைப்பே சட்டமாக வேலை செய்கிறது என்றார். சமூகவியலாளர் டி.எல். டெய்லரின் ஆய்வுகள் வேறொரு பக்கத்தைக் காட்டின. இ-ஸ்போர்ட்ஸ் என்ற துறையை வீரர்கள், அமைப்பாளர்கள், நடுவர்கள் எனப் பலர் சேர்ந்து சிறுகச் சிறுகக் கட்டினார்கள். அதில் நிறுவனங்களுக்கு ஒரு பங்குதான். ஐஸ்லாந்து நிறுவனமான சிசிபி நடத்தும் ஈவ் ஆன்லைன் ஆட்டத்தில் 2008 முதல் வீரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆலோசனைதான் சொல்ல முடியும், முடிவு நிறுவனத்துடையது.

எனக்கு இவர்களைவிடப் பயன்படுபவர் எலினார் ஆஸ்ட்ரம். 1990இல் வெளிவந்த அவருடைய நூல் இணையத்தைப் பற்றியதே அல்ல; பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை ஆகியவற்றைப் பொதுவில் வைத்து ஆளும் மக்களைப் பற்றியது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்ற அவர், நீண்ட நாள் நிலைத்த இத்தகைய அமைப்புகளில் பொதுவாகக் காணப்படும் சில கூறுகளைத் தொகுத்தார். விதிக்கு உட்பட்டவர்களுக்கு விதியை மாற்றுவதில் பங்கு இருக்கிறது. கண்காணிப்பவர் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடுகிறது. தகராறைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மக்கள் தாமாக அமைப்பதை வெளி அதிகாரம் குலைப்பதில்லை.

இந்தக் கூறுகள் கடலூர்க் கரைக்கு அந்நியமானவை அல்ல. சோழமண்டலக் கரை மீனவ ஊர்களை ஆராய்ந்து மார்டன் பவிங்க் 2001இல் வெளியிட்ட நூல், அரசின் மீன்பிடிச் சட்டத்துக்கு இணையாக ஊர்ப் பஞ்சாயத்துகள் தமக்கென ஒரு சட்ட ஒழுங்கை வைத்திருப்பதை விரிவாகப் பதிவு செய்தது. எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். மீறினால் அபராதம், தொழிலுக்குப் போகத் தடை, கடைசியாக ஊர்விலக்கு. பஞ்சாயத்தைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. பெண்களுக்கு அதில் குரல் இல்லை. ஊர்விலக்கு பல குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது. சுருக்குமடி வலை விவகாரத்தில் ஊருக்கும் ஊருக்கும் பகை மூண்டபோது ஊர் அளவிலான ஒழுங்கு போதாமல் போனதைக் கடலூர் கண்டது. ஆனாலும் தண்டனைக்குப் படிநிலை உண்டு, தீர்ப்பு சொல்பவரை நேரில் பார்த்துக் கேட்க முடியும் என்ற இரண்டும் அங்கே இருக்கின்றன.

ரூமில் இருக்கும் தண்டனை ஒன்றே ஒன்று: ‘பேன்’, அதாவது நேரடி விலக்கு.

4. கமிட்டியும் அட்மினும்

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டியின் நோட்டீஸைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது ஒரு குட்டி அரசியல் சாசனம். மேலே ஊர்க் குழுவின் பெயர். நடுவில் பரிசுகள், ஒவ்வொரு பரிசுக்கும் எதிரே ‘வழங்குபவர்’ என்று ஒரு பெயர். கீழே நிபந்தனைகள்: நுழைவுக் கட்டணம் இவ்வளவு, எடை இவ்வளவுக்குள், ஒரே ஊர் அணி மட்டும், ஆதார் அட்டை கொண்டுவர வேண்டும், குறித்த நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். கடைசி வரி அநேகமாக எல்லா நோட்டீஸிலும் ஒன்றுதான்: நடுவரின் தீர்ப்பே இறுதியானது.

அந்தக் கடைசி வரியில் அதிகாரம் பிரிந்து நிற்கிறது. போட்டியை நடத்துவது கமிட்டி. பரிசுப் பணம் வழங்குபவருடையது. அது மேடையில், ஊரறியக் கைமாறுகிறது. தீர்ப்பு நடுவருடையது, அவர் பெரும்பாலும் வெளியூர் உடற்கல்வி ஆசிரியரோ கபடிக் கழகத்தவரோ. கமிட்டித் தலைவரின் மகன் ஆடினாலும் விசில் அவர் வாயில் இல்லை. இதற்கு மேல், கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டம் இருக்கிறது. நடுவர் தவறினால் முதலில் எழுந்து நிற்பது அவர்கள்தான். சண்டையும் வரும், ஆட்டம் பாதியில் நிற்பதும் உண்டு. ஆனால் நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அணி பிரிப்பதிலும் பழைய ஆட்டங்கள் தலைவர் கையைக் கட்டியிருந்தன. தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலில் கருவி, ஆடிடம், ஆடுமுறை என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் வகுத்துச் சொல்வார். அந்தச் சிறுவர் ஆட்டங்களில் உத்தி பிரிக்கும் வழக்கத்தைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். ஏறத்தாழச் சம பலமுள்ள இரண்டிரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தனியே போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ‘மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?’ என்று தலைவர்களிடம் கேட்பார்கள். எந்தப் பழத்துக்குள் எவன் இருக்கிறான் என்று தெரியாமலேயே தலைவர் தேர்ந்தெடுக்க வேண்டும். திறமைசாலிகளையெல்லாம் ஒருவரே அள்ளிக்கொள்ள வழியில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்த அதிகாரக் கட்டுப்பாடு இது.

இப்போது ரூமுக்கு வரலாம். அறிவிப்பின் வடிவம் கபடி நோட்டீஸை அடியொற்றியதே: மேலே குழுவின் சின்னம், நடுவில் பரிசு, கீழே விதிகள். பேச்சு வழக்கில், பாதி ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் போட்டு எழுதுவார்கள். ‘ஐடி, பாஸ்வேர்டு பத்து நிமிஷம் முன்னாடி வரும்.’ ‘வேற ஸ்லாட்ல உக்காந்தா கிக்.’ ‘எமுலேட்டர் நாட் அலவ்டு.’ ‘டீமிங் பண்ணா ரெண்டு டீமும் பேன்.’ ‘நெட் இஷ்யூக்கு அட்மின் பொறுப்பில்ல.’ கடைசியில்: ‘அட்மின் முடிவே ஃபைனல்.’

நோட்டீஸின் கடைசி வரியிலிருந்து நடுவர் போய் அட்மின் வந்துவிட்டார். போட்டியை நடத்துபவரும் அவர், பணம் வாங்குபவரும் அவர், ஸ்லாட் கொடுப்பவரும் அவர், புள்ளி போடுபவரும் அவர், ஏமாற்றினாயா என்று விசாரிப்பவரும் அவர். பல நேரம் அவருடைய அணியும் அதே ரூமில் ஆடிக்கொண்டிருக்கும். கெட்ட எண்ணத்தால் இப்படி ஆனதாக நான் நினைக்கவில்லை. ரூம் கார்டு வாங்கியவர் பெயரில்தான் ரூம் திறக்கும். யுபிஐ எண் ஒருவருடையதாகத்தான் இருக்கும். குழுவில் ஆளை நீக்கும் பொத்தான் அட்மினிடம்தான் இருக்கும். மென்பொருள் அதிகாரத்தை ஒரே கையில் திணிக்கிறது. லெஸ்ஸிக் சொன்னது சிதம்பரத்தில் ஒரு விடுதிக் கட்டிலில் நடக்கிறது.

புள்ளிக் கணக்கில் மட்டும் வெளிப்படைத்தன்மை இருக்கிறது. முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, பிறகு 5, 4, 3, 2, 1, 1. ஒவ்வொரு ‘கில்’லுக்கும் ஒரு புள்ளி. பெரிய போட்டிகளில் வழங்கும் இந்த அளவையே சிறு ரூம்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலை யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். அதனால் இங்கே தகராறு குறைவு. தகராறெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்: எதிரி ஹேக் போட்டிருந்தானா? இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுடாமல் கூட்டுச் சேர்ந்தனவா? அதற்குச் சான்றாகத் தன் திரையைப் பதிவு செய்து அனுப்பச் சொல்வார்கள். பெரிய போட்டிகளில் கை அசைவு தெரிய ‘ஹேண்ட்கேம்’ கேட்பார்கள். சான்றைப் பார்ப்பவர் அட்மின் ஒருவர்தான். கபடிக் களத்தில் கூட்டம் செய்த சாட்சி வேலை இங்கே ஒரு தனி இன்பாக்ஸுக்குள் முடிந்துபோகிறது.

5. இரண்டு வகைத் தலைவர்கள்

ஆட்டத்துக்குள் வேறொரு தலைமை உண்டு. ஐஜிஎல் என்று அழைக்கப்படும் அணித் தலைவர், எங்கே இறங்குவது, எந்த வட்டத்தை எப்போது பிடிப்பது, சண்டைக்குப் போவதா ஒதுங்குவதா என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கிறார். மற்ற மூவரும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிறார்கள். அந்த அதிகாரம் ஆட்டம் முடியும்வரைதான். தொடர்ந்து தோற்றால் ஐஜிஎல்லை மாற்றிவிடுவார்கள். நட்பு கெடாமலே மாற்றுவதும் உண்டு. அதிகாரத்துக்கு எல்லையும் கணக்கும் ஒன்றாக அமைந்திருப்பதால் இது பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடக்கிறது.

அட்மினுக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. யூடியூபில் நேரலை நடத்தி ஆயிரக்கணக்கில் பார்வையாளர்களைச் சேர்த்தவர் அட்மினாகவும் இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்ன ஈர்ப்புத் தலைமைக்கு இது இன்றைய உருவம்: அவர் சொல்வதால்தான் அது விதி. தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு, பப்ஜி நேரலைகளால் பெயர்பெற்ற யூடியூபர் மதன். பெண்களை ஆபாசமாகப் பேசினார், பார்வையாளர்களிடம் பணம் வசூலித்தார் என்ற குற்றச்சாட்டுகளின் பேரில் 2021 ஜூனில் சென்னைக் காவல்துறை அவரைத் தருமபுரியில் கைது செய்தது. பின்னர் குண்டர் தடுப்புச் சட்டமும் பாய்ந்தது. அன்று ஊடகம் கேட்டதெல்லாம் அவர் பேச்சு எவ்வளவு கேவலம் என்பதுதான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் அதிகாரம் ஏன் எவரிடமும் இல்லை என்ற கேள்வி எழவே இல்லை. குழுவுக்கு உள்ளே எந்த வழியும் இல்லாததால், முதல் முறையீடே காவல் நிலையத்தில் போய் நின்றது.

இங்கே பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரூம்களில் ஆடும் பெண்களில் பலர் மைக்கை அணைத்துவிட்டோ ஆண் பெயரிலோ ஆடுகிறார்கள். குரல் கேட்டதும் வரும் பேச்சு அப்படி. எமுலேட்டருக்கும் டீமிங்குக்கும் விதி எழுதுகிற அறிவிப்புகள் பேச்சு ஒழுங்கைப் பற்றி ‘நோ அப்யூஸ்’ என்ற இரண்டே சொல்லோடு நின்றுவிடுகின்றன. மீறினால் என்ன, யாரிடம் சொல்வது என்று அவற்றில் கிடையாது. விதியை எழுதுபவர்களுக்கு எது வலிக்கிறதோ அதற்குத்தான் விதி இருக்கிறது.

6. இணைப்பு அறுந்தால்

‘நெட் இஷ்யூக்கு அட்மின் பொறுப்பில்ல’ என்ற விதி நியாயமானதா? இதே கேள்வி உலக அளவில் எழுந்தது 2020இல். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய முதல் இணையவழி செஸ் ஒலிம்பியாட் அது. காலிறுதியில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய ஆர்மீனிய வீரர் ஒருவரின் இணைப்பு அறுந்தது. ஆர்மீனியா முறையிட்டது, முறையீடு தள்ளுபடியானது, அந்த அணி மேற்கொண்டு ஆட மறுத்து வெளியேறியது. ஆகஸ்ட் 30 அன்று இறுதிப் போட்டியில் ரஷ்யாவுக்கு எதிராக இந்தியாவின் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் இணைப்பை இழந்து நேரத்தில் தோற்றார்கள். அன்று உலகின் பல பகுதிகளில் இணையச் சேவை தடைபட்டிருந்தது. இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் அர்காடி துவோர்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார்.

ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி எனத் தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்த அணி அது, நமக்கு மகிழ்ச்சிதான். ஆர்மீனியர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு முடிவுகளுக்கும் தனித்தனியே காரணம் காட்டலாம். இருந்தாலும் ஒன்று தெளிவு: இத்தனை பெரிய அமைப்பிலும் கடைசியில் விதி ஓய்ந்து, ஒரு தலைவரின் முடிவு நின்றது. ஒரு வேறுபாடு உண்டு. அங்கே முறையீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. முடிவும் காரணத்தோடு ஊரறிய வெளியானது.

கடலூர்க்காரர்களுக்கு இந்த விதி மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாகவே உறைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல், 2015இன் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று மழைக்காலம் வந்தால் மின்சாரமும் கோபுரமும் போகும் மாவட்டம் இது. சென்னையில் ஃபைபர் இணைப்பில் ஆடும் அணிக்கும் கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ கைப்பேசி டேட்டாவில் ஆடும் அணிக்கும் ஒரே விதி என்றால், அது எழுத்தில்தான் சமம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே அறுந்துபோனால் ரூமை மறுபடி போடுவது என்ற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை எல்லாரும் எழுதி வைக்கலாம். பத்து வரி கூட ஆகாது.

7. களம் யாருடையது

ஊர்ப் பொதுவிடத்தில் கோடு போட்டுக் கபடி ஆடுகிறவர்களை யாரும் ஒரே இரவில் துடைத்தெறிய முடியாது. இணையக் களம் அப்படியில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனத்தின் பிஜிஎம்ஐ அதன் இடத்துக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம், சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், பெரியவர்களுக்கு ஆறு மணி நேரம் என்ற வரம்போடு திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் அணிகள் சிதறின, அட்டவணைகள் வீணாயின. எந்தக் குழுவிடமும் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

வெளி அதிகாரம் உள் ஒழுங்கைக் குலைக்காமல் இருக்க வேண்டும் என்று ஆஸ்ட்ரம் சொன்ன கூறு இங்கே முழுவதும் இல்லை. நாளைக்கே ஆட்டம் போய்விடலாம் என்றால் நீண்ட கால விதி எழுதுவதில் யாருக்கு அக்கறை வரும்? அட்மின்களின் அவசர அதிகாரத்துக்கு ஒரு காரணம் இந்த நிலையாமை. ஆனால் இதையே சாக்காக்கவும் முடியாது. மேற்சொன்ன ஒவ்வொரு தடைக்குப் பிறகும் குழுக்கள் வேறோர் ஆட்டத்தில் கூடியிருக்கின்றன; ஆட்டம் போன பிறகும் வாட்ஸ்அப் குழு இருந்தது, அதே அட்மின் இருந்தார், அதே பழக்கம் தொடர்ந்தது. நிலைத்தது குழு; நிலையாதது ஆட்டம். விதி எழுத வேண்டியது குழுவுக்கு.

8. என்ன செய்யலாம்

இந்தக் குழுக்கள் விதியற்றவை என்ற குற்றச்சாட்டு தவறு. விதி வேண்டிய அளவு இருக்கிறது. இவை ஜனநாயகத்தின் நாற்றங்கால் என்ற புகழ்ச்சியும் தவறு. நடத்துவது, பணம் வைத்திருப்பது, தீர்ப்புச் சொல்வது என்ற மூன்றும் ஒருவரிடம் குவிந்திருப்பதே கோளாறு. கபடிக் கமிட்டி இவற்றைப் பிரித்து வைத்ததற்குக் காரணம் கமிட்டிக்காரர்கள் உத்தமர்கள் என்பதல்ல; உத்தமர்கள் அல்ல என்று ஊருக்குத் தெரிந்திருந்ததுதான்.

அட்மின்கள் நாளையே செய்யக்கூடியவை சில உண்டு. பணம் ஆடாத ஒருவர் கணக்கில் இருக்கட்டும். புகாரை விசாரிக்க, அந்த ரூமில் ஆடாத இருவரை முன்கூட்டியே அறிவியுங்கள். விடுதியில் ஆளுக்கா பஞ்சம்? நேராக பேன் செய்வதற்கு முன் எச்சரிக்கை, புள்ளிக் குறைப்பு, ஓர் ஆட்டத் தடை என்று படி வையுங்கள். தடை கொடுத்தால் காரணத்தை ஒரு வரியில் குழுவில் போடுங்கள். பேச்சு ஒழுங்குக்கான விதியைப் பெண் வீரர்களைக் கேட்டு எழுதுங்கள்.

அரசின் பங்கும் இருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்த பிறகு, மாவட்ட விளையாட்டு அலுவலகம் இதை வேறு யாருடைய பொறுப்போ என்று விட்டுவிட முடியாது. மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் கபடிக்கு நடுவர் பயிற்சி கொடுக்க முடியும் என்றால் இணையப் போட்டிக்கும் கொடுக்கலாம். சிறு போட்டிகள் எளிதாகப் பதிவு செய்துகொள்ள, தமிழில், ஒரு பக்கப் படிவம் வேண்டும். பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் விடுதிகளில் நடப்பதைக் கண்டும் காணாமல் இருப்பதை விட்டு, ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் கட்டணமில்லாப் போட்டிகளை நடத்தலாம்.

இது உடனடியாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. பண ஆட்டத்தை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பதிவில்லாமல் நுழைவுத் தொகை வாங்கி ரூம் திறக்கும் இருபது வயது மாணவர், அந்தச் சட்டத்தின் சொற்படி, நடத்துபவர்.